செம்பட்டைக்கு ஒரு சொட்டு நீலம்: பர்ப்பிள் ஷாம்பூவும் ப்ளூ ஷாம்பூவும் எப்படி வேலை செய்கின்றன?

பார்லரிலிருந்து வெளியே வந்த அன்று முடி அழகாகத்தான் இருந்தது. காபித்தூளில் லேசாகச் சாம்பல் கலந்த மாதிரி அடங்கிய ஒரு பழுப்பு. ஆறு வாரம் போனது. மொட்டை மாடி வெயிலில் யாரோ எடுத்த போட்டோவைப் பார்த்தால் தலையில் தேங்காய் நார் முளைத்திருந்தது. அம்மா அதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள்: “தலைக்கு எண்ணெயே வைக்கிறதில்லையாடி? செம்பட்டையடிச்சுக் கிடக்கு.”

பார்லர்க்காரர்கள் இதைத்தான் ‘பிராஸி ஆயிடுச்சு’ என்பார்கள். பிராஸ் என்றால் பித்தளை. புளி போட்டு விளக்கிய பித்தளைக் குடத்தைப் பார்த்தால் நமக்குக் கண் நிறையும். அதே நிறம் தலையில் வந்தால் யாருக்கும் பிடிப்பதில்லை. நம் ஊர்ச் சொல்லான செம்பட்டையே இதற்குப் பொருத்தம். அதில் நிறமும் இருக்கிறது, கொஞ்சம் வறட்சியும் இருக்கிறது.

இதற்கு மருந்தாகக் கடைகளில் ஊதாவிலும் நீலத்திலும் ஷாம்பூக்கள் விற்கிறார்கள். பாட்டிலைத் திறந்தால் பேனா மை போல இருக்கும். முதல் தடவை வாங்கியபோது, இதைத் தலையில் தேய்த்தால் தலை நீலமாகிவிடாதா என்று நானும் தயங்கினேன். அந்தப் பயம் முழுக்கத் தப்பில்லை. பெயர்தான் ஷாம்பூ, உள்ளே இருப்பது மெல்லிய சாயம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆரஞ்சு எங்கிருந்து வந்தது?

நம் முடிக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதில் இரண்டு வகை உண்டு. கறுப்பும் பழுப்பும் தருவது யூமெலனின். சிவப்பும் மஞ்சளும் தருவது ஃபியோமெலனின். கருகருவென்று இருக்கும் முடிக்குள்ளும் சூடான நிறங்கள் ஒளிந்துதான் இருக்கின்றன, மேலே இருக்கும் கறுப்பு அவற்றை மறைத்து வைத்திருக்கிறது.

முடியை வெளுக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு இந்த நிறமிகளை உடைக்கிறது. கறுப்பு முடி அப்படியே நேராக வெள்ளைக்குப் போய்விடாது. முதலில் செம்பழுப்பு, அடுத்து செவ்வாரஞ்சு, பிறகு ஆரஞ்சு, அதன் பிறகு மஞ்சள், கடைசியில் வாழைப்பழத் தோலின் உட்புறம் போல வெளிறிய மஞ்சள். பார்லர்களில் 1 முதல் 10 வரை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 1 என்றால் கறுப்பு, 10 என்றால் மிக வெளிறிய நிறம். நம்மில் பெரும்பாலோர் 1-க்கும் 3-க்கும் நடுவில் பிறந்தவர்கள். கேரமல் ஹைலைட்ஸ் வேண்டுமென்று போய் உட்கார்ந்தால் முடியை 6-க்கோ 7-க்கோ ஏற்றுவார்கள். அது சரியாக ஆரஞ்சு குடியிருக்கும் இடம்.

‘நான் ப்ளீச்சே பண்ணவில்லை, கலர் மட்டும்தான் போட்டேன்’ என்பவர்களுக்கும் இது பொருந்தும். பெட்டியில் வரும் டெவலப்பரும் பெராக்சைடுதான். 20 வால்யூம் என்று எழுதியிருந்தால் அதில் 6 சதவீதம், 30 வால்யூம் என்றால் 9 சதவீதம். அதனோடு அம்மோனியாவோ அதைப் போன்ற இன்னொரு காரமோ சேர்ந்து முடியின் மேல்செதில்களைத் திறந்துவிடும். உள்ளே இருக்கும் இயற்கை நிறம் கொஞ்சம் வெளுக்கும், அதே நேரத்தில் புதுச் சாயம் உள்ளே போய் உட்காரும். அந்தப் புதுச் சாயம் ஆரஞ்சை மூடிவிடுவதால் முதல் நாள் எல்லாம் நன்றாகத் தெரியும். பிறகு ஒவ்வொரு தலைக்குளியலிலும் சாயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது. வெயில் தன் பங்குக்கு வெளுக்கிறது. சுவரில் டிஸ்டெம்பர் உதிர உதிரக் கீழே இருக்கும் பழைய பெயின்ட் எட்டிப்பார்ப்பது போல ஆரஞ்சு வெளியே வருகிறது.

ஆக, செம்பட்டை புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு இல்லை. முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்ததுதான். அதனால் எவ்வளவு நல்ல ஷாம்பூ போட்டு எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அது போகாது. தேய்க்கத் தேய்க்க மிச்சமிருக்கும் சாயம்தான் போகும், இன்னும் பளிச்சென்று ஆரஞ்சு தெரியும்.

வேட்டிக்கு அம்மா செய்தது

கழுவிப் போக்க முடியாத மஞ்சளுக்கு என்ன செய்வது? நம் வீடுகளுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. அப்பாவின் வெள்ளை வேட்டி, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, எதுவானாலும் பத்துத் துவைப்பில் பழுப்பேறும். அதற்கு அம்மா வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டு, துணியை முக்கி எடுத்துக் காயப்போடுவாள். காய்ந்தால் பளீர் வெள்ளை. 1983-ல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் தொடங்கிய உஜாலா தமிழ்நாடு முழுக்கப் பரவியது இந்த ஒரு வேலைக்காகத்தான். பெயர் என்னவோ சொட்டு நீலம், பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊதா.

நீலம் துணியிலிருந்து மஞ்சளை எடுப்பதில்லை. மஞ்சள் அங்கேயே இருக்கிறது. அதன் மேல் எதிர் நிறத்தைத் துளி சேர்த்ததும் இரண்டும் ஒன்றையொன்று அடக்கிவிடுகின்றன, நம் கண்ணுக்கு எந்தப் பக்கமும் சாயாத ஒரு வெண்மை தெரிகிறது. நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் யோசனையை ஐசக் நியூட்டன் 1704-ல் வெளியிட்ட ஒளியியல் நூலில் காணலாம். இன்று ஓவிய வகுப்பிலும் பார்லர் பயிற்சியிலும் காட்டும் நிறச்சக்கரத்தில் மஞ்சளுக்கு நேர் எதிரே ஊதா, ஆரஞ்சுக்கு எதிரே நீலம், சிவப்புக்கு எதிரே பச்சை. மஞ்சளாகத் தெரியும் முடி மஞ்சள் ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. ஊதாச் சாயம் அந்த மஞ்சள் ஒளியைத்தான் விழுங்கும். மிஞ்சுவது நடுநிலையான, கொஞ்சம் சாம்பல் தட்டிய நிறம்.

விழுங்கும் என்று சொன்னேன் அல்லவா, அதைக் கவனியுங்கள். ஒளி குறைகிறது. எனவே டோனிங் ஷாம்பூ என்று பொதுவாகச் சொல்லும் இந்த ஊதா, நீல ஷாம்பூக்கள் முடியை ஒருபோதும் வெளிறச் செய்யாது, கருமைதான் லேசாகக் கூடும். முடி இன்னும் லைட்டாக வேண்டும் என்று நினைத்து இதை வாங்கியவர்கள் எல்லோரும் ஏமாந்துதான் போகிறார்கள்.

இதே கணக்கு நம் ஊரில் இன்னோர் இடத்திலும் ஓடுகிறது. நரைத்த முடிக்கு மருதாணி மட்டும் வைத்தால் ஆரஞ்சாகும். அதன் மேல் அவுரிப் பொடியைக் குழைத்துப் பூசினால் பழுப்பாகும், இன்னும் நேரம் விட்டால் கறுப்பை எட்டும். அவுரி என்பது நீலச்சாயம் எடுக்கும் செடி. ஆரஞ்சின் மேல் நீலம். நிறச்சக்கரத்தைக் கண்ணால் பார்த்திராத பாட்டிகளுக்கும் கைவந்த கணக்கு இது.

இதைப் படித்துவிட்டுத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை யாரும் தலையில் ஊற்றிவிட வேண்டாம். அது வாளித் தண்ணீருக்கும் பருத்திக்கும் செய்தது. தலைத்தோலில் படுவதற்காகச் செய்ததில்லை. முடியிலும் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும்.

ஊதாவா, நீலமா?

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இணையத்தில் பேர் வாங்கியது பர்ப்பிள் ஷாம்பூ, அதனால் எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். அந்தப் பேர் பொன்னிறக் கூந்தல் உள்ள நாடுகளிலிருந்து வந்தது. அங்கே பிரச்சினை மஞ்சள், விடை ஊதா. நம் முடி பெரும்பாலும் ஆரஞ்சில் நிற்கிறது. ஆரஞ்சின் மேல் ஊதா போட்டால் அதில் இருக்கும் மஞ்சள் கொஞ்சம் அடங்கும், சிவப்பு அப்படியே நிற்கும். ‘இரண்டு மாதம் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்ற புலம்பல் அதிகமும் இப்படித்தான் வருகிறது.

பழுப்பு முடியில் காப்பர் நிறமாக, ஆரஞ்சாக மின்னினால் உங்களுக்கு நீலம். மேட்ரிக்ஸ் கம்பெனியின் பிராஸ் ஆஃப், இத்தாலிய ஃபனோலாவின் நோ ஆரஞ்சு எல்லாம் இந்த வகை. முடியை 9, 10 வரை வெளுத்து, மஞ்சள் மட்டும் மிச்சமிருந்தால் ஊதா. அதே கம்பெனிகளின் சோ சில்வர், நோ யெல்லோ போன்றவை அதற்கு. இரண்டுக்கும் நடுவே மஞ்சளாரஞ்சாக இருந்தால் நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் வருவதைத் தேடலாம். சிவப்பே தூக்கலாகத் தெரிந்தால் பச்சைச் சாயம் போட்ட ஷாம்பூவும் உண்டு, நம் கடைகளில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

உங்கள் நிறம் எது என்று பாத்ரூம் பல்பு வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். அந்த மஞ்சள் பல்பில் எல்லோருமே பிராஸிதான். முடி நன்றாகக் காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று, ஒரு கற்றையை வெள்ளைத்தாளின் மேல் வைத்துப் பாருங்கள். மஞ்சள்தூளா, கேரட்டா, செங்கல்லா என்று தாளே சொல்லிவிடும்.

பர்கண்டி, காப்பர், தேன் நிறம் என்று விரும்பிக் கலர் செய்தவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். உங்கள் காசு அந்தச் சூடான நிறத்தில்தான் போயிருக்கிறது, ப்ளூ ஷாம்பூ அதைத்தான் அடக்கும். எந்தச் சாயல் என்று தெரியாமல் கலர் பெட்டியை வாங்கியிருந்தால் அதன் மேல் எழுதிய எண்ணைப் பாருங்கள். பல கம்பெனிகளில் புள்ளிக்குப் பின்னால் 1 இருந்தால் சாம்பல் சாயல், 3 என்றால் தங்கச் சாயல், 4 என்றால் காப்பர். அடுத்த தடவை கலர் வாங்கும்போதும் இது உதவும். செம்பட்டை பிடிக்காது என்பவர் 6.34 என்று எழுதிய பெட்டியை வாங்கி வந்துவிட்டு ஷாம்பூவைக் குறை சொல்லிப் பயனில்லை.

நரைக்காகக் கறுப்பு டை அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் டை மங்கும்போது வரும் செம்பழுப்புக்கு ப்ளூ ஷாம்பூ கொஞ்சம்தான் கைகொடுக்கும். இருண்ட முடியில் நீலம் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. புதிதாக முளைத்த நரைக்கு அது எதுவுமே செய்யாது. இன்னொன்று, சின்னப் பாக்கெட்டில் ‘ஹேர் கலர் ஷாம்பூ’ என்று விற்கிறார்களே, பத்து நிமிடத்தில் கறுப்பாகும் என்று, அது வேறு சாதி. அதில் பெரும்பாலும் பெராக்சைடோடு சேர்ந்து வேலை செய்யும் நிரந்தர டைதான் இருக்கும், பிபிடி என்ற பொருளும் இருக்கலாம். சிலருக்கு அது கடுமையான அலர்ஜி தரும். ஷாம்பூ என்ற சொல்லைப் பார்த்து இரண்டையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம்.

டை அடிக்காமல் நரையை அப்படியே விட்டவர்களுக்குத்தான் ஊதா உண்மையில் அழகு சேர்க்கும். வெள்ளி முடி வெயிலாலும் தண்ணீராலும் மஞ்சள் தட்டிப் போகும். மாதத்தில் இரண்டு தடவை லேசாக ஊதா போட்டால் மறுபடி வெள்ளியாகும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் வயதான பெண்கள் இதற்காகவே நீலம் கலந்த நீரில் தலையை அலசினார்கள். அளவு மீறிய பாட்டிகளின் தலை நிஜமாகவே நீலமாகி, ‘ப்ளூ ரின்ஸ்’ என்பது வசதியான முதிய சீமாட்டிகளுக்கே கேலிப்பெயராக நின்றுவிட்டது.

எப்படி ஒட்டுகிறது, ஏன் திட்டாகிறது?

தண்ணீரில் நனைந்த முடியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை அதிகம். இந்த ஷாம்பூக்களில் போடும் சாயங்களில் பல நேர்மின் தன்மை கொண்டவை. காந்தம் போல இழுத்து ஒட்டிக்கொள்கின்றன. நிரந்தர டை மாதிரி உள்ளே போய்ப் பூட்டிக்கொள்வதில்லை, அதனால் சில குளியலிலேயே வடிந்துவிடும். பெராக்சைடு வேண்டாம், அம்மோனியா வேண்டாம். வீட்டில் தைரியமாகச் செய்து பார்க்க முடிவது இதனால்தான்.

ஆனால் ப்ளீச்சாலும் அயர்ன் மெஷினாலும் அடிபட்ட முடியில் அந்த எதிர்மின் தன்மை இன்னும் கூடுதல், செதில்களும் திறந்தே கிடக்கும். எனவே நுனிகள் வெறிபிடித்தாற்போல் சாயத்தை உறிஞ்சும். வேர்ப்பக்கம் திடமாக இருக்கும் முடி மெதுவாகத்தான் எடுக்கும். ஒரே நேரம் ஒரே அளவு போட்டாலும் நடுவில் ஆரஞ்சும் நுனியில் கத்தரிப்பூவுமாக வருவது இப்படித்தான். என் அனுபவம் சொல்கிறேன்: ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள், பாட்டிலில் 3 நிமிடம் என்று போட்டிருந்ததை மதிக்காமல், இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும் என்று ஷாம்பூவோடு உட்கார்ந்து ஒரு சீரியல் முழுக்கப் பார்த்தேன். மறுநாள் முகூர்த்தத்தில் மல்லிகைப்பூவுக்குக் கீழே அரையடி முடி லாவண்டர் நிறத்தில் தொங்கியது. சின்னப் பிள்ளைகள் மட்டும் ரசித்தார்கள்.

போடும் முறை

எண்ணெய்த் தலையில் போடாதீர்கள். தேங்காய் எண்ணெய் மூடியிருக்கும் இடத்தில் சாயம் ஒட்டாது, எண்ணெய் இல்லாத இடத்தில் மட்டும் ஒட்டித் திட்டாகும். முதலில் வழக்கமான ஷாம்பூவால் அழுக்கும் எண்ணெயும் போகக் குளியுங்கள். பிறகு தண்ணீர் சொட்டாத அளவுக்கு முடியைப் பிழிந்துவிடுங்கள். ரொம்ப ஈரமாக இருந்தால் சாயம் நீர்த்துப்போகும். முழுக்கக் காய்ந்த முடியில் போட்டால் திட்டுத்திட்டாக அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தோடு பிழிந்த பதம்தான் சரி.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நகக்கண் இரண்டு நாளைக்கு நீலமாக இருக்கும். ஷாம்பூவை உள்ளங்கையில் பரப்பி, எங்கே ஆரஞ்சு அதிகமோ அங்கே முதலில் தடவுங்கள். வறண்ட நுனிக்குக் கடைசி அரை நிமிடம் போதும். அகலப்பல் சீப்பால் ஒரு தடவை வாரிவிட்டால் சமமாகப் பரவும். முதல் தடவை 2 நிமிடத்தில் அலசிவிடுங்கள். முடி காய்ந்ததும் பாருங்கள், போதவில்லை என்றால் அடுத்த வாரம் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். ஈரத்தில் பார்த்து முடிவெடுத்தால் தப்பாகும், ஈர முடி எப்போதும் கருமையாகத் தெரியும். அலசிய பிறகு கண்டிஷனரைத் தவிர்க்காதீர்கள். இந்த வகையில் பல ஷாம்பூக்கள் முடியைக் கொஞ்சம் வறட்டத்தான் செய்கின்றன.

வாரத்துக்கு ஒரு தடவை தாராளம். பத்து நாளுக்கு ஒன்று என்றாலும் சரி. மற்ற குளியல்களுக்குக் கலர் செய்த முடிக்கான மிதமான சாதா ஷாம்பூ. தினமும் போட்டால் சாயம் மேல் சாயம் ஏறி முடி மங்கலாக, உயிரில்லாமல் தெரியும். பயமாக இருந்தால் சாதா ஷாம்பூவோடு பாதிக்குப் பாதி கலந்து போடுங்கள், ஒரு குறையுமில்லை. புதிதாக ஒரு பாட்டிலைத் திறக்கும்போது காதுக்குப் பின்னால் உள்ளடுக்கில் ஒரு கற்றையில் மட்டும் போட்டுப் பார்ப்பது நல்லது. நிறமும் தெரியும், தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்றும் தெரியும்.

அதிகமாகப் பிடித்துவிட்டால் பதற வேண்டாம். பொடுகு ஷாம்பூவோ, எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும் ஷாம்பூவோ போட்டு இரண்டு மூன்று தடவை குளித்தால் பெரும்பகுதி வடிந்துவிடும். லாவண்டர் முடியோடு நான் நான்கு குளியல் காத்திருந்தேன்.

ஷாம்பூவால் ஆகாதவை

வெளுப்பு சரியாக வராமல் வேரில் மஞ்சள், நடுவில் செவ்வாரஞ்சு, நுனியில் பழுப்பு என்று பட்டை பட்டையாக இருந்தால் ஒரே ஷாம்பூ மூன்றையும் சமப்படுத்தாது. அதற்கு பார்லரில் டோனர் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். டோனர் என்பது குறைந்த சக்தி டெவலப்பரோடு கலந்து பூசும் சாயம், சில வாரங்கள் நிற்கும். அந்த வாரங்களைக் கொஞ்சம் நீட்டித் தருவதுதான் ஷாம்பூவின் வேலை. ஆரஞ்சைப் பார்த்த எரிச்சலில், ஏற்கெனவே வெளுத்த முடியை வீட்டில் இன்னொரு தடவை ப்ளீச் செய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். மருதாணி பாக்கெட் போட்டுப் பழகியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கலப்பட மருதாணியில் உலோக உப்புகள் இருந்தால் அவை பெராக்சைடோடு சேர்ந்து சூடாகி முடியையே பொசுக்கிவிடும்.

தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். வாளியின் அடியில் துருக்கறை படியும் வீடுகளில் போர்வெல் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அது முடியிலும் படிந்து செம்பட்டையைக் கூட்டும். அந்த வீட்டில் ப்ளூ ஷாம்பூ எத்தனை பாட்டில் வாங்கினாலும் பலன் அரைகுறைதான். உப்புக் கறையை எடுக்க, உலோகங்களைப் பிடித்து இழுக்கும் இடிடிஏ என்ற பொருள் கலந்த ஷாம்பூ தனியாகக் கிடைக்கிறது, மாதம் ஒரு தடவை அதைப் போட்டுவிட்டு டோனிங் ஷாம்பூ போட்டால் வித்தியாசம் தெரியும். கடைசி இரண்டு மக் மட்டும் குடிதண்ணீரில் அலசுகிற பழக்கமும் உண்டு, கேன் தண்ணீர் விலைக்கு அது கட்டுப்படியாகுமா என்பது அவரவர் கணக்கு. வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்கும் முடியை ஒரு துப்பட்டாவால் சுற்றிக்கொள்ளலாம், அது காசில்லாத வழி.

துவட்டப் பழைய கறுப்புத் துண்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். பாத்ரூமில் வெள்ளை டைல்ஸ் என்றால் நுரை விழுந்த உடனே ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். இடுக்குச் சிமென்டில் ஊதா ஏறிவிட்டால் முடியில் இருப்பதைவிட அதிக நாள் அங்கே இருக்கும்.